தணலும் பழைய இரும்பும்: ஏலப்பாறை மலையில் கையால் செய்யும் வெளியடுப்புகள்

இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்தில், ஏலப்பாறையைச் சுற்றியுள்ள மலைகளில் வீட்டுக்கு வெளியே நெருப்பு மூட்டிச் சமைப்பவர்கள் இரண்டு வகை. தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தலைமுறை தலைமுறையாக விறகோடு வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு வகை. வாகமண், குட்டிக்கானம் பக்கம் குளிர் தேடி வருகிறவர்களுக்குக் கோழியும் மீனும் சுட்டுத் தரும் விடுதிக்காரர்களும், விடுமுறை நாளில் நண்பர்களோடு தணல் மூட்டும் இளைஞர்களும் இன்னொரு வகை. கடையில் விற்கும் விலையுயர்ந்த அடுப்பை இவர்களில் பெரும்பாலானோர் நாடுவதில்லை. கையில் கிடைத்த கல், வெட்டிய கம்பு, காயலான் கடையில் எடைக்கு வாங்கிய இரும்பு ஆகியவற்றைக் கொண்டு தாங்களே செய்துகொள்கிறார்கள். அப்படிச் செய்தவற்றில் எது நன்றாக வேகவைக்கிறது, எது இந்த மலையின் மழைக்குத் தாங்குகிறது, எது உடம்புக்குக் கேடு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுப்பின் வடிவத்தைப் பற்றி நாம் படும் கவலையில் பாதியையாவது, அந்த இரும்பு முன்பு என்னவாக இருந்தது என்பதில் காட்ட வேண்டும்.

பீர்மேட்டில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் முதலில் எழுந்தவை காப்பித் தோட்டங்கள். இலைத்துரு நோய் காப்பியைத் தின்று தீர்த்த பிறகு தேயிலை வந்தது. வேலைக்கு ஆட்கள் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கம்பம், குமுளி வழியாக மலையேறினார்கள். அவர்களோடு வந்த சமையல் மிக எளிமையானது: கஞ்சி, துவையல், சுட்ட கருவாடு. கருவாடு சுடுவதில் கருவி என்று எதுவும் இல்லை, முறை மட்டும் உண்டு. சோறு வெந்து இறங்கியதும் அடுப்பு வாயிலிருந்து தணலை முன்னால் இழுத்துப் பரப்புவார்கள். மேலே படிந்த சாம்பலை ஊதுகுழலால் ஒரு முறை ஊதிவிட்டு, கருவாட்டை நேராகக் கங்கின்மேல் போடுவார்கள். தோல் சுருங்கி, ஓரம் கருகி, எண்ணெய் கசிந்து ‘சுர்’ரென்று சத்தம் வந்ததும் விரலால் புரட்டிவிடுவார்கள். எடுத்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் ஒட்டியிருந்த சாம்பல் உதிர்ந்துவிடும். கத்தரிக்காயும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இதே வழியில்தான் சுடப்படுகின்றன. கிழங்கைச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். சுடுவது சுவாலையின் வேலை அல்ல, தணலின் வேலை என்ற பாடம் இந்த எளிய முறையிலேயே முழுதாக இருக்கிறது. பிறகு வந்த அத்தனை இரும்புச் சாமான்களும் அந்தப் பாடத்துக்கு உதவினால் நல்லவை, உதவாவிட்டால் பாரம்.

மரவள்ளிக்கிழங்கைப் பற்றி இங்கே ஒரு எச்சரிக்கை. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா மக்களிடையே பரப்பிய பயிர் இது. மலைநாட்டில் கப்பை என்று சொல்லும் இந்தக் கிழங்கு இல்லாத வீடு கிடையாது. அதில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் அது சயனைடை வெளிவிடும். தண்ணீரில் வேகவைத்து வடிக்கும்போது பெரும்பகுதி போய்விடும். தோலோடு தணலில் சுடும்போது அப்படிப் போக வழியில்லை. கசப்பில்லாத ரகத்தை மட்டும், அதுவும் தோலை முழுக்க உரித்துத்தான் சுட வேண்டும். கசக்கிற கிழங்கு சுடுவதற்கு ஆகாது.

இரும்புக் கம்பியில் கோத்துச் சுடுவதும் நமக்குப் புதிதில்லை. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில் கரிகாலன் தரும் விருந்தில், கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி வருகிறது. ஆனால் இரும்பு அரிதாக இருந்த மலைக்குடிகள் அது இல்லாமலே நன்றாகச் சமைத்தார்கள். இடுக்கி மலைகளில் முதுவர், மன்னான், ஊராளி, பளியர் முதலான பழங்குடிகள் வாழ்கிறார்கள். மூங்கில் குழாயில் வேகவைக்கும் முறை இங்கு மட்டுமல்ல, ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கு முதல் வடகிழக்கு மாநிலங்கள் வரை மலைவாழ் மக்களிடம் பரவலாக இருக்கிறது. கேரளத்தில் புட்டு அவிக்கவும் முன்பு மூங்கில் குழாய்தான்.

மூங்கில் குழாய் அடுப்புச் சாமான்களிலேயே மிகக் குறைந்த செலவும் மிகக் குறைந்த ஆபத்தும் உள்ளது என்பது என் கணிப்பு. பச்சை மூங்கிலாக இருக்க வேண்டும், காய்ந்தது பற்றிக்கொள்ளும். கைமணிக்கட்டைவிடப் பருத்த, சுவர் தடித்த மூங்கிலில் ஒரு பக்கம் கணுவை விட்டு, மறுபக்கம் கணுவுக்கு முன்னால் அறுத்தால் ஒரு முனை மூடிய குழாய் கிடைக்கும். மசாலா தடவிய கோழித்துண்டுகளை முக்கால் அளவுக்கு நிரப்பி, வாழையிலையைச் சுருட்டி வாயை அடைத்து, தணல் ஓரத்தில் சாய்வாக நிறுத்தி அவ்வப்போது உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குழாயின் பச்சை நிறம் மறைந்து பழுப்பாகி, அடைப்பின் ஓரத்தில் ஆவி வரத் தொடங்கியதும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கணக்கு. இரண்டு பக்கமும் கணு மூடிய துண்டை நெருப்பில் போடக் கூடாது. உள்ளே அடைபட்ட காற்றும் ஆவியும் வெடித்துச் சிதறும். இலை அடைப்பையும் இறுக்கித் திணிக்காமல் ஆவி போக இடம் விட வேண்டும். பீர்மேட்டுச் சரிவுகளில் அடர்ந்து நிற்கும் ஈற்றை சுவர் மெலிந்தது, இதற்கு ஆகாது. மூங்கிலை எங்கிருந்து வெட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். இந்திய வனச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற கணக்கிலிருந்து விலக்கியது. காப்புக்காட்டு மூங்கில் அந்தச் சலுகைக்குள் வராது. சொந்த நிலத்து வேலி மூங்கில் போதும்.

கம்பில் கோத்துச் சுடுகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, கைக்கு எட்டிய குச்சியை ஒடிப்பது. அழகுக்காக விடுதி முற்றங்களில் வளர்க்கும் அரளியும் மஞ்சள் அரளியும் இலை, பட்டை, கம்பு, விதை என எல்லாப் பாகத்திலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உள்ளவை. அந்தச் செடிகளின் குச்சி உணவுக்குள் போகக் கூடாது, விறகாகவும் எரியக் கூடாது. கள்ளி, எருக்கு, காட்டாமணக்கு ஆகியவற்றின் பாலும் அப்படியே. மேற்குத் தொடர்ச்சி மலையில் ‘சேரு’ என்று மலையாளிகள் சொல்லும் மரம் ஒன்று உண்டு. அதன் கறுப்புச் சாறு பட்டாலே தோல் கொப்பளிக்கும். அடையாளம் தெரியாமல் அதை வெட்டி எரித்து அவதிப்படுவதைவிட, தெரிந்த மரத்தை நாடுவது நல்லது. தெரிந்த மரம் இங்கே நிறைய இருக்கிறது. காப்பிச் செடியில் நேராகக் கிளம்பும் போத்து இருக்கிறதே, அது கோத்துச் சுடுவதற்கென்றே வளர்ந்த மாதிரி இருக்கும். கெட்டி, வளையாது, பட்டையைச் சீவினால் வழவழப்பு. கொய்யாக் கம்பும் அவ்வளவு நல்லது. மருந்தடித்த தோட்டத்திலிருந்து வெட்டினால் பட்டையைச் சீவி, கழுவி, ஒரு முறை தணலில் வாட்டிவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

விறகைப் பொறுத்தவரை ஏலப்பாறைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். தேயிலையைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவாத்து வெட்டும்போது குவியும் மிலாறு லயத்து அடுப்புகளின் பழைய துணை. மெல்லிய மிலாறு பற்றவைக்க உதவும். பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைக் கட்டை கனமானது, நின்று எரியும், நல்ல கங்கு தரும். காப்பிக் கட்டையும் கொய்யாக் கட்டையும் அதே தரம். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் சீக்கிரம் பொங்கி எரிந்து சாம்பலாகிவிடும். தண்ணீர் கொதிக்க வைக்கலாம், சுட உதவாது. யூக்கலிப்டஸ் தேயிலைத் தொழிற்சாலைகளின் கொதிகலனுக்குச் சரி, ஆனால் அதன் எண்ணெய் வாசம் மீனில் ஏறினால் தைலம் தடவியது போலாகிவிடும். நன்றாகத் தணலான பிறகே உணவை வைத்தால் அந்த வாசம் வெகுவாகக் குறையும். பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை, மருந்தூட்டிய ரப்பர் மரப் பலகை, பழைய மின்கம்பம் எதுவும் சுடும் நெருப்புக்குள் வரக் கூடாது. மழைக்காலத்தில் வாங்கிய விறகு நனைந்திருக்கும் என்பதால் பலர் கரி மூட்டைக்கு மாறிவிட்டார்கள். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டு எரிக்கும் கரி நின்று எரியும் தரமுள்ளது. தேங்காய்ச் சிரட்டைக் கரி அதைவிடச் சூடு, புகையும் குறைவு.

அடுப்பு போடும் தரையைப் பற்றி இரண்டே சொல். ஓடையிலிருந்து எடுத்த உருண்டைக் கல்லை அடுப்புக்கல்லாக வைக்காதீர்கள். அதன் நுண்துளைகளில் ஊறியிருக்கும் நீர் ஆவியாகும்போது கொள்ளளவு 1600 மடங்குக்கு மேல் பெருகும்; கல் வெடித்துச் சில்லுகள் கண்ணில் தெறிக்கும். சிமென்ட் ஹாலோ பிளாக்கும் கடும் சூட்டில் பிளந்து தெறிக்கக்கூடியதே. மேட்டில் நெடுநாள் காய்ந்து கிடந்த கல்லோ, சூளையில் வெந்த செங்கல்லோ வைத்து, மேலே புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினால் லயத்துப் பாட்டிமார் போட்ட அடுப்பு வந்துவிடும். அதற்கு மேல் மேம்படுத்த ஒன்றும் பெரிதாக இல்லை.

இனி தணலுக்கும் உணவுக்கும் இடையிலான தூரம். சுடும் கருவிகளின் கதையே இந்தத் தூரத்தை ஆளக் கண்டுபிடித்த வழிகளின் கதைதான். ஜப்பானியக் கிராம வீடுகளில் கூரையிலிருந்து தொங்கும் ‘ஜிசாய்காகி’ என்ற கொக்கியை ஏற்றி இறக்கலாம். அர்ஜென்டினாவில் இறைச்சி சுடும் தட்டைச் சக்கரம் சுற்றி மேலும் கீழும் நகர்த்துகிறார்கள். நாம் மூன்று கம்பும் ஒரு சங்கிலியும் கொண்டு இதையே செய்யலாம். ஆள் உயரத்தைவிடச் சற்று நீளமான மூன்று பச்சைக் கம்புகளை ஒரு முனையில் கட்டி அகட்டி நிறுத்தி, நடுவே சங்கிலி தொங்கவிட்டு, வளைத்த கம்பிக் கொக்கியில் சட்டியையோ வட்டத் தட்டையோ மாட்டினால் போதும். ஒவ்வொரு கண்ணியாகக் கொக்கியை மாற்றினால் விரற்கடை அளவுக்குத் துல்லியமாக ஏற்றி இறக்கலாம். கட்டுவதற்குப் பிளாஸ்டிக் கயிறு கூடாது, உருகிவிடும். கட்டடக்காரர்கள் கம்பி கட்டப் பயன்படுத்தும் கறுப்புக் கட்டுக்கம்பி சரியானது. சூடு சரியா என்று பார்க்க, உணவு இருக்கும் உயரத்தில் உள்ளங்கையை நீட்டி மெதுவாக எண்ணுங்கள். இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் மெல்லிய மீனுக்குச் சரியான சூடு. ஐந்து வரை தாங்கினால் கோழித் துண்டுக்கு. எட்டு, பத்து வரை தாங்கினால் முழுக் கோழியை மெல்ல வேகவைக்கலாம்.

தட்டு செய்ய இங்கே எல்லோரும் எடுப்பது கட்டடக் கம்பி. 8 மில்லிமீட்டர் டி.எம்.டி. கம்பியை வெட்டி, சட்டத்தில் வரிசையாகப் பற்றவைத்தால் ஆயுள் முழுக்க வரும். மீனுக்கு விரல் அளவு இடைவெளி விட்டால் உடையாமல் புரட்டலாம். 60 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் போனால் அடியில் குறுக்குக் கம்பி வேண்டும். செந்தணலின் சூட்டில் இரும்பு தன் பலத்தில் பாதியை இழந்துவிடுவதால் நடுவில் தொய்யும். துருப் பிடிக்காமலிருக்கப் பச்சை நிற எபாக்ஸி பூசிய கம்பியும் சந்தையில் உண்டு, அது வேண்டாம். புதுத் தட்டை வெறுமனே ஒரு மணி நேரம் கடும் தணலில் எரித்து, தேய்த்து, நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவி மீண்டும் சூடாக்கினால் தோசைக்கல் பழகுவது போலப் பழகிவிடும். சுத்தம் செய்யக் கம்பி பிரஷ் பயன்படுத்தாதீர்கள். அதன் இழை உதிர்ந்து உணவோடு தொண்டைக்குள் போகும் விபத்துகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தேங்காய் மட்டையும் பாதி வெங்காயமும் அதே வேலையைச் செய்யும்.

டிரம் அடுப்புக்கு வருவோம். உலகம் முழுக்க ஏழை நாட்டு மக்கள் தாங்களாகவே வந்து சேர்ந்த வடிவம் இது. ஜமைக்காவில் தெருவோரம் கோழி சுடுவதும் தென்னாப்பிரிக்காவில் ஊர் கூடிச் சுடுவதும் பாதியாக அறுத்த டிரம்மில்தான். கேரளத்தில் அல்ஃபாம் என்ற அரபு முறைச் சுட்ட கோழியின் மோகம் பரவிய பிறகு அதே வடிவம் ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு, கட்டப்பனை வெல்டிங் பட்டறைகளிலும் தயாராகிறது. 200 லிட்டர் டிரம்மின் குறுக்களவு ஏறத்தாழ 57 சென்டிமீட்டர், உயரம் 88. நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் ஒரு தொட்டி சுமார் 28 சென்டிமீட்டர் ஆழம் வரும். அடியில் ஒரு கை மண்ணும் சாம்பலும் பரப்பி, மேலே கரி போட்டால் தட்டுக்கும் தணலுக்கும் 15 சென்டிமீட்டர் இடைவெளி இயல்பாகவே அமைந்துவிடுகிறது. இதனால்தான் இந்த வடிவம் எங்கும் வெற்றி பெற்றது. கரியை ஒரு பாதியில் மட்டும் குவித்து, மறுபாதியைக் காலியாக விட்டால் இன்னும் நல்லது. தோலை இந்தப் பக்கம் முறுகவைத்து, உள்ளே வேகும் வரை அந்தப் பக்கம் தள்ளி வைக்கலாம். கொழுப்பு கங்கில் சொட்டிச் சுவாலை எழுந்தாலும் ஒதுங்க இடம் இருக்கும். அடிப்பகுதியில் பக்கத்துக்கு நாலைந்து காற்றுத் துளைகள் போதும்; சல்லடை போலத் துளைத்தால் கரி தீர்ந்துகொண்டே இருக்கும். பீர்மேடு கேரளத்தில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. தகடு ஒரு மில்லிமீட்டர் அளவே இருப்பதால் சாம்பலோடு மழையில் விட்ட டிரம் விரைவில் பொத்துவிடும். நனைந்த சாம்பல் காரமானது, இரும்பை அரிக்கும். ஒவ்வொரு முறையும் சாம்பலைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைப்பதும், ஜூனுக்கு முன் எண்ணெய் துடைத்து உள்ளே எடுத்து வைப்பதும் அதன் ஆயுளைக் கூட்டும்.

அறுப்பதில் உயிருக்கே ஆபத்து உண்டு. மூடிய டிரம்மில் ஒரு காலத்தில் எண்ணெயோ கரைப்பானோ இருந்திருந்தால் உள்ளே ஆவி தங்கியிருக்கும். கிரைண்டரின் ஒரு பொறியோ கேஸ் கட்டரின் சுவாலையோ போதும், அது வெடிகுண்டாகிவிடும். முழுக்கத் தண்ணீர் நிரப்பி, மேல் மூடியைக் கையுளியால் திறந்து, பல முறை சோப்புத் தண்ணீரில் அலம்பிய பிறகே மின்கருவியை நெருங்கவிட வேண்டும். பழகிய பட்டறைக்காரர் இதைச் செய்யச் சலித்துக்கொண்டால் வேறு பட்டறையைப் பாருங்கள்.

அதைவிட ஆழமான கேள்வி, அந்த டிரம்முக்குள் என்ன இருந்தது என்பது. சமையல் எண்ணெய், வெல்லப்பாகு, பழச்சாறு வந்த டிரம்மை எரித்துத் தேய்த்துப் பயன்படுத்தலாம். உள்பூச்சு உள்ள டிரம்மானால் அந்தப் பூச்சு முழுதும் எரிந்து போகும்வரை ஆள் நடமாட்டமில்லாத வெளியில் பெருநெருப்பு மூட்டி எரிக்க வேண்டும். ஆனால் இது ஏலமும் தேயிலையும் விளையும் மலை. இந்தியாவில் பூச்சிக்கொல்லி அதிகம் விழும் பயிர்களில் ஏலமும் ஒன்று. தோட்டங்களில் மருந்தும் களைக்கொல்லியும் வந்து தீர்ந்த டிரம்கள் காயலான் கடைக்குப் போகின்றன. அங்கே அவற்றுக்கும் எண்ணெய் டிரம்முக்கும் விலை ஒன்றுதான். பூச்சிக்கொல்லிக் கொள்கலனில் முனைமேல் நிற்கும் சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சின் தரத்தைக் காட்டும். அந்தச் சீட்டு கிழிந்துபோன பிறகு கண்ணால் அறிய வழியே இல்லை. எரித்துவிட்டால் போய்விடும் என்று நம்பி எரிக்கிறவர் அந்தப் புகையைத்தான் முதலில் மூச்சில் இழுக்கிறார். வரலாறு தெரியாத டிரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதில் உணவு சுடக் கூடாது. இதில் எனக்கு எந்தச் சமாதானமும் இல்லை.

டிரம்முக்குச் சொன்னது எல்லாப் பழைய இரும்புக்கும் பொருந்தும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வலை, ஜி.ஐ. பைப், ஜி.ஐ. கம்பி மூன்றும் மலையில் எங்கும் கிடைப்பதால் மிக அதிகமாக அடுப்பேறுகின்றன. துத்தநாகம் 420 டிகிரி வாக்கில் உருகி, 907 டிகிரியில் கொதிக்கும். ஊதிவிட்ட கரித்தணல் அந்தச் சூட்டைத் தொடக்கூடியது. அதன் வெள்ளைப் புகையை மூச்சிழுத்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், உடல்வலி வரும். வெல்டிங் வேலைக்காரர்கள் நன்றாக அறிந்த நோய் இது. புளி, எலுமிச்சை, தயிர் ஊறிய இறைச்சி அந்தப் பூச்சின்மேல் படுவதும் நல்லதல்ல. பூப்போட்ட மாதிரிப் பளபளப்பும், பழையதானால் வெள்ளைப் பொடியும் இருந்தால் அது துத்தநாகம் என்று ஒதுக்கிவிடலாம். சைக்கிள் சக்கரக் கம்பியைக் கூராக்கிக் கோத்துச் சுடும் பழக்கம் நம் ஊர்ப் பையன்களிடம் உண்டு. அவற்றில் பலவும் பூச்சு ஏற்றியவை. பழைய குளிர்பெட்டியின் உள்தட்டு அளவு சரியாக இருக்கிறதென்று டிரம்மின்மேல் வைக்கிறார்கள். பழங்காலத் தட்டுகள் சிலவற்றில் காட்மியம் பூசியிருப்பார்கள், அது துத்தநாகத்தைவிடப் பன்மடங்கு கொடியது. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல ஸ்டீல் என்று சொல்வதும் பாதி உண்மையே. மலிவான ரகங்களிலும் காந்தம் ஒட்டாது. சமையல் பாத்திரம் விற்கும் கடையில் 304 ரகம் என்று கேட்டு வாங்கிய கம்பி, இல்லையென்றால் பூச்சில்லாத கறுப்பு இரும்பு. இந்த இரண்டுக்கு வெளியே போக வேண்டிய தேவை எதுவும் இல்லை.

குழிக்குள் வேகவைக்கும் குழிமந்தியைப் பார்த்துவிட்டுத் தரையில் குழி வெட்டிச் சுட நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஏமனிலிருந்து வளைகுடா வழியாக மலபாருக்கு வந்த முறை அது. நியூசிலாந்தின் மாவோரிகளும் பெருவின் மலைவாசிகளும் குழியில்தான் விருந்து சமைக்கிறார்கள். ஏலப்பாறையில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மழை மாதங்களில் வெட்டிய குழியில் ஊற்று ஊறும், விறகுச் சூடு முழுதும் ஈரத்தைக் காய்ச்சவே போய்விடும். குழி காய்ந்திருக்கும் டிசம்பர் முதல் மே வரையோ புல்மேடுகளும் காய்ந்திருக்கும். செங்கல் கட்டிய, மூடி போட்ட நிரந்தரக் குழி வைத்திருக்கும் விடுதிக்கு மட்டுமே இது பொருந்தும். ஒரு நாள் கூத்துக்கு டிரம்மே மேல்.

சுட்ட உணவு உடம்புக்கு நல்லதா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்க் காரணிகள் உள்ளன. கருகிய இறைச்சியிலும் வேறு வகைச் சேர்மங்கள் உண்டாகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. ஆடு, மாடு, பன்றி இறைச்சியை அதற்கு அடுத்த பிரிவில் வைத்தது. தினமும் சுட்டுத் தின்பதற்கும் எப்போதாவது தின்பதற்கும் வேறுபாடு உண்டு. மஞ்சள், பூண்டு, தயிர், எலுமிச்சை சேர்த்து ஊறவைத்துச் சுட்டால் கருகலில் உண்டாகும் சேர்மங்கள் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் மசாலா அந்த வகையில் நல்ல காவல். வாழையிலையில் பொதிந்து சுடும் மீன் அதைவிட நல்லது, ஏனெனில் கொழுப்பு தணலில் விழுவதே இல்லை. இன்னொரு முனையில், பாதி வெந்த கோழி உடனடி ஆபத்து. தொடையின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும். விடுதிக்காரர்கள் ஒரு குத்து வெப்பமானி வாங்கி வைப்பது பெரிய செலவில்லை. தொட்டுக்கொள்ளும் மயோனைசும் நோய் தரக்கூடும். பச்சை முட்டையில் செய்த மயோனைசைக் கேரள அரசு 2023 ஜனவரியில் தடை செய்ததற்கு அதற்கு முன் நடந்த உயிரிழப்புகளே காரணம்.

குளிருக்கு அணைவாகத் தணல் அடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ எடுத்துச் செல்லாதீர்கள். கங்கு கறுத்து அடங்கிய பிறகும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. 2024இல் கொடைக்கானலுக்கு வந்த 2 இளைஞர்கள், சமைத்த கரி அடுப்பை வைத்திருந்த அறையில் உறங்கி, விடிவதற்குள் இறந்துபோனார்கள். ஏலப்பாறைக் குளிரும் அதே மாதிரி ஆளை மயக்கக்கூடியது.

கடைசியாகக் காடு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ, மலையேறப் போன 20க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. குரங்கணியின் உச்சியைத் தாண்டினால் மூணாறு. இதே இடுக்கி மலைகள். வாகமண் பக்கத்து மொட்டைக்குன்றுகளில் பிப்ரவரிக்குப் பிறகு புல் வைக்கோலாகிவிடும். காற்று ஒரு கங்கைத் தூக்கிப் போனால் துரத்திப் பிடிக்க ஆள் போதாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 30ஆம் பிரிவு சரணாலயங்களில் தீ வைப்பதையும், அணையாமல் விட்டுப் போவதையும் தடுக்கிறது. காப்புக்காடுகளுக்கும் தடை உண்டு. சட்டத்துக்கு அப்பாலும் சில பழக்கங்கள் வேண்டும். சுற்றிலும் ஆள் நீளத்துக்குப் புல்லைச் செதுக்கிவிட்டே மூட்டுங்கள். இரண்டு குடம் தண்ணீர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே வைத்துச் சூடு துளியும் இல்லையென்று தெரிந்த பிறகு கிளம்புங்கள்.

தனி மனிதர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், டிரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவரால் மட்டும் விடை காண முடியாது. அதை அடைக்க வேண்டிய வாசல் தோட்டத்துக் கிடங்கிலேயே இருக்கிறது. பூச்சிக்கொல்லி வந்த கொள்கலன்களை மறுபடி யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. பீர்மேடு, உடும்பஞ்சோலைத் தோட்ட நிர்வாகங்களும் ஏல விவசாயிகளும் மருந்து டிரம்மை எடைக்குப் போடுவதை நிறுத்த வேண்டும். பஞ்சாயத்தும் வேளாண் அலுவலகமும் காலி டிரம்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும். காயலான் கடைக்காரர்களும் வெல்டிங் பட்டறைக்காரர்களும் எங்கிருந்து வந்ததென்று தெரியாத டிரம்மை அடுப்புக்கு அறுத்துத் தர மாட்டோம் என்று அடுத்த வறட்சிக்காலம் தொடங்கும் முன்பே முடிவெடுக்கட்டும்.